ஞாயிறு திறந்த துருசு

பழனியாண்டியின் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி இரண்டு ஏக்கர் வயல் ஆக்கியவர். மகன் அந்த வயலோடு தெப்பமும் ஓட்டினார். நான்கு ட்ரக்டர் டியூப், மேலே பலகை, அவ்வளவுதான். எங்கள் குளத்தின் மறுகரை தேசியப் பூங்காவின் காடு. கோடையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும். அதைப் பார்க்கவும் குளிக்கவும் தெற்கே சிங்கள ஊர்களிலிருந்து வான் பிடித்து ஆட்கள் வருவார்கள். தெப்பத்தைத் தள்ளுவது மகள் நிரோஜாவைக் கட்டிய மருமகன் கிருபன். நீச்சலில் அவனை மிஞ்ச இங்கே ஆள் இல்லை.

துருசு திறக்கிற நாளில் தெப்பம் இறங்காது என்பது அவர்களின் சட்டம். அணைக்கட்டின் அடியால் வயலுக்குத் தண்ணீர் விடும் மதகுதான் துருசு. திறந்தால் மேலே குளம் சும்மா கிடப்பது போலத்தான் இருக்கும், கீழே ஆளை இழுத்துவிடும். கோடை நெல்லுக்கு, அதுதான் சிறுபோகத்துக்கு, திங்களும் வியாழனும் திறப்போம்.

இந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் திங்கட்கிழமை வந்தது. வன்னியே அங்கே நிற்கிற நாளில் வயலில் தண்ணீர் கட்ட யார் இருப்பார்கள்? கமக்காரர் கூட்டத்தில் முதலில் எழும்பியவர் பழனியாண்டிதான்.

"ஞாயிறே திறந்து விடுங்கோ. பிறகு எல்லாரும் ஆறுதலாப் பொங்கலுக்குப் போகலாம்."

எல்லோரும் கை உயர்த்தினோம். செயலாளர் என்றபடியால் நான் குறிப்பும் எழுதினேன்.

அவர் அதை மருமகனிடம் சொல்லவில்லை. பொங்கல் நேரத்தில் குளத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தார். தெற்கிலிருந்து வருகிறவனுக்கு வற்றாப்பளையும் தெரியாது, பொங்கலும் தெரியாது என்பது எங்கள் ஒருவரின் மண்டையிலும் ஏறவில்லை.

ஞாயிறு விடியவே அவர் மனைவி மீனம்மாவோடு கோயிலுக்குப் போய்விட்டார். பத்து மணிக்குத் துருசுக் காவலன் செல்வநாயகம் துருசைத் திறந்தான். அது தெரியாமல் கரையின் மறுகோடியில் கிருபன் தெற்கிலிருந்து வந்த மூன்று பெடியன்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். துருசடியில் ஒருவன் குளிக்கக் குதித்தான். கிருபன் பாய்ந்து அவனைப் பலகையில் ஏற்றிவிட்டான். தான் ஏறவில்லை.

செத்த வீட்டில் கிருபனின் தமையன்மார் செல்வநாயகத்தை அடித்தார்கள். தெப்பக்காரருக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டுத்தான் அடி. "கூட்டத்திலை சொன்னதுதானே," என்று அவன் கும்பிட்டான். பழனியாண்டி நிலத்தைப் பார்த்தபடி, "நான் இடையிலை எழும்பி வந்திட்டன்," என்றார். அது பொய் என்று அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரியும். பிணம் கிடக்கிற வீட்டில் யார் வாயைத் திறப்பது என்று நின்றோம். அதை இரக்கம் என்று சொல்லிக்கொண்டோம். கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

முப்பத்தோராம் நாள் கழிந்ததும் மகள் நிரோஜா என்னைக் கூப்பிட்டாள். செல்வநாயகத்தின் மேல் பொலிசுக்கு முறைப்பாடு எழுத வேண்டுமாம். பொய் என்று தெரிந்தே எழுதினேன். வாசித்துக் காட்டும்போது என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. 'தெப்பக்காரருக்கு அறிவிக்காமல்' என்ற இடத்தில் பழனியாண்டி கதிரையை விட்டு எழும்பினார்.

"பிள்ளை, அவனிலை பிழை இல்லை. ஞாயிறு திறவுங்கோ எண்டு கேட்டதே நான்தான். கடைசி மட்டும் கூட்டத்திலை இருந்தனான்."

நிரோஜா அவரையே பார்த்தாள். "இவரிட்டைச் சொன்னனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு நினைச்சன்."

குசினியில் மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டு குந்தினார். நிரோஜா அழவில்லை. கடிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அண்ணை, செல்வநாயகத்தின்ரை பேரை வெட்டிப்போட்டு அப்பான்ரை பேரை எழுதுங்கோ."

நான் பேனையைப் பிடித்தபடி இருந்தேன். பழனியாண்டி உள்ளே போய் அடையாள அட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"நம்பரையும் போடுங்கோ தம்பி," என்றார்.