கொழும்பு மூட்டை

எங்கள் அத்தாவின் கொழும்பு வியாபாரத்தை அரசாங்கம்தான் கெடுத்தது என்று திருச்சி காந்தி மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தாவும் அப்படித்தான் சொல்வார். கெடுத்தது நான். ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த, இரட்டைச் சடை போட்ட, வாயை மூடத் தெரியாத நான். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மார்க்கெட் பக்கத்தில் வெங்காய மண்டி. பெரிய வெங்காயத்தைத் தரம் பிரித்து, சிவப்பு வலை மூட்டைகளில் கட்டி, மலேசியாவுக்கும் கொழும்புக்கும் கப்பலில் அனுப்புவார். கொழும்பில் அதை வாங்கி விற்றவரை நாங்கள் கொழும்பு மாமா என்போம். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் சொந்தக்காரர்கள் வந்தால்கூட அம்மா அப்படி விழுந்து விழுந்து கவனித்ததில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் வருவார். கொழும்பிலிருந்து திருச்சிக்கு வருவதைவிட ஏர்போர்ட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு வரத்தான் அதிக நேரமாகிறது என்று ஒவ்வொரு தடவையும் அலுத்துக்கொண்டே பெட்டியைத் திறப்பார். பட்டை, கிராம்பு, தேயிலை, எனக்கென்று தனியாக பிஸ்கட் பாக்கெட்டுகள். வீடே இரண்டு நாளைக்கு மணக்கும்.

இரண்டு தேசங்களும் இந்த வெங்காயத்தை வைத்துக்கொண்டு சதா முறைத்துக்கொண்டுதான் இருந்தன. அங்கே அறுவடைக் காலம் வந்தால் அவர்களுடைய விவசாயி பிழைக்க வேண்டும் என்று இறக்குமதி வரியைத் திடீரென்று ஏற்றிவிடுவார்கள். இங்கே விலை ஏறினால் நம் ஜனங்கள் கத்துவார்கள் என்று ஏற்றுமதிக்கே தடை போட்டுவிடுவார்கள். அவரவர் வீட்டு நியாயம் அவரவருக்கு. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது அத்தாவும் மாமாவும்தான். வரி ஏறிய நாட்களில் அத்தா சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, "அவனுங்க பாட்டுக்கு வரியை ஏத்திடுறானுங்க, நான் விலையைக் குறைச்சுக் கொடுத்துட்டு எங்க போய் முட்டிக்கிறது?" என்று பொருமுவார்.

ஸ்கூல் விட்டதும் நான் மண்டிக்குப் போவேன். அங்கே மூட்டை பிடிக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். கொழும்பு மூட்டை கட்டும்போது மட்டும் அவர் ஒரு வித்தை செய்வார். வாயும் அடியும் வெட்டியெடுத்த எண்ணெய் டின் ஒன்றை மூட்டையின் நடுவில் நிறுத்துவார். டின்னுக்குள்ளே பொடி வெங்காயம், அடிபட்டது, முளைவிட்டது எல்லாம் போகும். டின்னைச் சுற்றி நல்ல வெங்காயம். நிரம்பியதும் டின்னை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, மேலே ஒரு வரிசை பளபளவென்று அடுக்கித் தைத்துவிடுவார். வலை வழியாக எந்தப் பக்கம் பார்த்தாலும் ராஜா மாதிரி இருக்கும். ஏன் அண்ணே இப்படி என்று கேட்டேன். அவர் அத்தா இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சின்னதும் சீக்கும் நடுவுல இருந்தாத்தானே பாப்பா நசுங்காது? பஸ்ல உன்னைய நடுவுல உக்கார வைக்கிறதில்லையா?" என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வெங்காயத்தின் மேல் எங்கள் அத்தாவுக்கு எவ்வளவு கரிசனம் பாருங்கள் என்று நெஞ்சு நிறைந்துபோனது. மக்கு என்றால் அப்படியொரு மக்கு.

அந்த வருஷம் தடை வந்தது. துறைமுகத்தில் அத்தாவின் சரக்கு நின்றுவிட்டது. மண்டியில் கிடந்த மிச்சம் அழுக ஆரம்பித்து, அந்தத் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அத்தா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நேரத்தில்தான் கொழும்பு மாமா வந்தார். கொழும்பில் மற்ற வியாபாரிகள் பாகிஸ்தான் வெங்காயத்துக்குப் போய்விட்டார்கள், இவரும் அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார் என்று அத்தா முடிவே கட்டியிருந்தார். கொழும்பும் போனால் மண்டியை மூட வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன்.

அத்தாவை மாமா அவர்கள் ஊர் வழக்கப்படி நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "நானா, நான் வேற எங்கயும் போகல்ல. உங்கட ஆக்கள் தடைய எடுக்கும் மட்டும் பாத்துட்டு இருக்கேன்." அத்தா அவர் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்தார். "உங்களுக்கு நஷ்டம் தம்பி" என்று மட்டும் சொன்னார். மாமா சிரித்தார். "எங்கட ஆக்கள் வரி ஏத்தின நேரம் முழுசா உங்கட தலையில போட்டேனா? பாதிய நான்தானே கட்டினேன். அத உங்களுக்கிட்ட சொல்லவும் இல்ல." அத்தா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சந்தோஷத்தில்தான் அப்படி இருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஸ்கூலில் கண்காட்சி. நம்மோடு வியாபாரம் செய்யும் நாடுகள் என்று தலைப்பு. ஆளுக்கொரு நாடு. நான் சண்டை போட்டு இலங்கையை வாங்கியிருந்தேன். அத்தா யாரோ அதிகாரியைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததால், சாயங்காலம் மார்க்கெட் ஆட்கள் நாலு பேரோடு வருவதாகச் சொல்லிவிட்டார். காலையில் மாமாதான் என்னைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். காவிரிப் பாலத்தில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்து, தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

என் மேஜையில் தெர்மோகோல் கடல், போகும் கப்பலில் வெங்காயம், வரும் கப்பலில் கிராம்பு. எல்லோரும் செய்வதுதான். ஆனால் என்னிடம் மட்டும் செய்முறை விளக்கம் இருந்தது. எலுமிச்சம்பழம் வரும் சின்ன வலைப் பை, இரண்டு பக்கமும் வெட்டிய பால் பவுடர் டின், சின்ன வெங்காயம். மாமா முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் டீச்சர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். டின்னை நிறுத்தினேன். சொத்தையெல்லாம் உள்ளே போட்டேன். நல்லதைச் சுற்றிலும் அடுக்கினேன். டின்னை உருவினேன். ஒரு வெங்காயம்கூட நகரவில்லை. அண்ணனே பார்த்தால் மெச்சியிருப்பார்.

மாமா குனிந்து, பைக்குள் விரலை விட்டு நடுவில் இருந்த சொத்தையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லா மூட்டையும் இப்படியா மகள் கட்டுறது?"

"இல்ல மாமா. மலேசியாவுக்கு இப்படிக் கட்ட மாட்டாங்க. கொழும்புக்கு மட்டும்தான். நீங்க நம்ம ஆளுல்ல?"

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். இதை நினைக்கும்போது இப்போதும் எங்கேயாவது போய் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாமா கோபப்படவில்லை. முகம் மட்டும் ஜுரம் வந்தவர் மாதிரி ஆகிவிட்டது. பையையும் டின்னையும் எடுத்து, "இத நான் கொண்டு போகட்டா மகள்? அத்தாக்கிட்ட சொல்ல வேணாம்" என்றார். நடுவர்கள் இன்னும் வரவில்லை மாமா, சாயங்காலம் அத்தாவும் மார்க்கெட் ஆளுங்களும் பார்க்க வருவாங்க என்று நான் கெஞ்சினேன். அதனால்தான் என்று சொல்லிவிட்டுத் தன் தோள்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். என் மேஜையில் கடலும் கப்பலும்தான் மிஞ்சின. முதல் பரிசு ஜப்பானை எடுத்த பெண்ணுக்குப் போனது. நான் பாத்ரூமில் போய் அழுதேன். சாயங்காலம் அத்தா வந்தார், கூட மார்க்கெட் ஆட்களும் வந்தார்கள். கடல் நல்லாருக்கு என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

தடை எடுத்த அன்றே அத்தா கொழும்புக்கு போன் செய்தார். மாமா எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தார், பார்ப்போம் நானா என்றார். அதற்கப்புறம் எத்தனை தடவை பேசினாலும் அதே மரியாதை, அதே பார்ப்போம். ஒரு மூட்டைகூடக் கேட்கவில்லை. அத்தா மண்டியில் பாதியை வேறொருவருக்கு விட்டுவிட்டு உள்ளூர் சில்லறைக்கு இறங்கினார். தரம் பிரிக்க வந்துகொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் நின்றுபோனார்கள். அத்தா டீக்கடையில், வீட்டில், கல்யாண வீடுகளில் எல்லாம் அரசாங்கத்தைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன்.

எனக்கு விளங்கியது பதினொன்றாம் வகுப்பில். அம்மா எங்கிருந்தோ விலை சல்லிசு என்று ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கிவந்து கவிழ்த்தார். நடுவில் இருந்ததெல்லாம் அழுகல். "நாசமாப் போறவன், நல்லதைச் சுத்தி வச்சு உள்ள பூரா அழுகலைத் திணிச்சிருக்கான் பாருங்க. இவனெல்லாம் உருப்படுவானா?" என்று அம்மா கூடத்தைப் பார்த்துக் கத்தினார். கூடத்தில் அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு முன்னால் எப்படிக் குனிந்திருந்தாரோ அப்படியே இருந்தார். எனக்கு மண்டியில் பார்த்த அந்த எண்ணெய் டின் ஞாபகம் வந்தது. அந்த டின்னுக்குள் போன வெங்காயத்தில்தான் என் ஸ்கூல் ஃபீஸும் கட்டியிருக்கிறார்கள்.

சொல்லிவிடலாம் என்று அதற்கப்புறம் எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறேன். போன மாதம்கூட, வெங்காயத்துக்கு மறுபடி ஏதோ கட்டுப்பாடு என்று டிவியில் சொன்னபோது அத்தா என் பக்கம் திரும்பி, "இவனுங்கதாம்மா நம்மையும் அந்தத் தம்பியையும் பிரிச்சுவிட்டானுங்க" என்றார். ஆமாத்தா என்றேன். யாருக்காக மறைக்கிறேன், அத்தாவின் மானத்துக்காகவா, என் வெட்கத்துக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தத் தடவை மாமா ஊருக்குக் கிளம்பிய காலையில் நான் அவரோடு பேசவில்லை. கண்காட்சிக் கோபம் அப்படியே இருந்தது. கார் வாசலில் நின்றது, அத்தா பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாமா உள்ளே திரும்பி வந்து, புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் குனிந்தார். "மகள், பெரிய ஆளானதும் அத்தாவோட கோவிச்சுக்க வேணாம், சரியா? என்னோட மட்டும் கோவிச்சுக்கோங்க" என்றார். அத்தா மேல் எனக்கு என்ன கோபம், பரிசைக் கெடுத்தது இவர்தானே என்று நினைத்துக்கொண்டு, போயிட்டு வாங்க என்றுகூடச் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.