பன்னிரண்டாம் நம்பர் படுக்கைக்காரர்

பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே நாச்சம்மாளைத் தெரியாத நோயாளி கிடையாது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சித் தூக்கோடு போய் நின்றுவிடுவாள். கஞ்சி நன்றாக இருக்கும். கூடவே வரும் பேச்சுத்தான் கொஞ்சம் அதிகம். "நாச்சம்மா வர்றான்னு தெரிஞ்சா பாதி நோவு தானா எந்திரிச்சு ஓடிப்போயிருமுங்க" என்பார் அவள் புருஷன் காளிச்சாமி.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் ஆறு வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருந்தாள். கொழிஞ்சாம்பாறையில் இருந்த அவள் பெரியப்பா மகன் பொங்கியண்ணன். அவர் விற்ற செவலைக்காளை, உழவில் பூட்டிய மூன்றாம் நாளே சாலின் நடுவில் படுத்துக்கொண்டது. அதுதான் காரணம்.

எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம், பொங்கியண்ணன் தென்னையிலிருந்து விழுந்து தாடையில் அடிபட்டு, பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தகவல் வந்தது. நாச்சம்மாள் அரை மணி நேரம் அடுப்படியிலேயே நின்றாள். பிறகு அரிசியைக் களைந்தாள்.

"மாட்டுச் சண்டை என்னாச்சு?" என்றார் காளிச்சாமி.

"சண்டை மாட்டோடதானுங்க. தாடையோட இல்ல."

ஆஸ்பத்திரியில், "தாடையில அடிபட்டவரு எங்கீங்க?" என்று விசாரித்தாள். வார்டு ஆள் பன்னிரண்டாம் நம்பர் கட்டிலைக் காட்டினார். தலையிலிருந்து கழுத்துவரை கட்டு. நெற்றியில் கொஞ்சமும் கண்ணும் மூக்கும் உதட்டோரமும்தான் வெளியே தெரிந்தன. வலது கையிலும் கட்டு. நெட்டையான ஒல்லி உடம்பு. ஆறு வருஷத்தில் அண்ணன் இன்னும் இளைத்துவிட்டார் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

"ஏனுங்கண்ணா, இப்படி ஆயிப்போச்சே!"

கட்டிலில் இருந்தவர் திடுக்கிட்டு இடது கையை வேகமாக ஆட்டினார்.

"வேண்டாம், மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. முதல்ல கஞ்சியக் குடிங்க."

குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கொண்டுபோயிருந்தாள். அதை உதட்டோரத்தில் வைத்துச் சிறுகச் சிறுகக் கஞ்சித் தண்ணீரை ஊற்றினாள். அவர் முதலில் முரண்டு பிடித்தார். இரண்டு நாள் பட்டினி. மூன்றாவது பாலாடைக்குத் தானே தலையை நீட்டினார். கஞ்சி தீர்ந்ததும், கட்டுக்கிடையே தெரிந்த இரண்டு விரல் நெற்றியில் மாரியம்மன் கோயில் திருநீற்றைப் பூசினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தினமும் காலை பஸ்ஸில் போய்விடுவாள். ஊட்டியபடியே செவலையின் கதையை விலாவாரியாகச் சொல்லுவாள். அவர் அவள் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதிக் காட்டினார். படிக்கத் தெரியாத நாச்சம்மாள், "அரிக்குதுங்களா?" என்று அவர் கையைச் சொறிந்துவிட்டாள். அதன்பிறகு அவர் எழுதவில்லை.

நான்காம் நாள், முக்காடிட்ட ஒரு பெண் பையோடு வார்டுக்குள் ஓடிவந்தாள். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். அன்றைக்கும் திருநீறு பூசியிருந்த பன்னிரண்டாம் நம்பரின் நெற்றியைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"யாரைத் தேடறீங்க அம்மிணி?"

"எங்க வீட்டுக்காரரைத்தாம்மா. மலைமேல பள்ளிவாசல்ங்கற ஊர்ல துணிக்கடை வச்சிருக்கோம். சரக்கு எடுக்க வந்த எடத்துல பஸ்ஸுல இருந்து விழுந்து தாடை ஒடஞ்சுபோச்சாம். தந்தி நேத்துத்தான் வந்துச்சு."

"அடப் பாவமே! எங்க அண்ணனுக்கும் தாடைதானுங்க. வருவாரு, உக்காருங்க."

எங்கிருந்து வருவார்? பன்னிரண்டாம் நம்பர்காரர் இடது கையால் கட்டில் சட்டத்தை டமடமவென்று அடித்தார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே தெரிந்த ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இரண்டு கால்விரல்களைப் பார்த்ததும், "யா அல்லா!" என்று விழுந்தடித்து ஓடிவந்தாள்.

அவள் பெயர் ஜொஹரா. கட்டிலில் கிடந்தவர் உமர்.

நாச்சம்மாளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முந்தானையால் அவர் நெற்றியைத் துடைக்கப் போனாள். "தெரியாமப் பண்ணிட்டேனுங்க. உங்க சாமி கோவிச்சுக்குமா?"

ஜொஹரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "நாதியில்லாமக் கெடந்த மனுசனுக்குக் கஞ்சி ஊத்தியிருக்கீக. அல்லா ஏன்க்கா கோவிக்கப் போறான்?"

வார்டு ஆளைக் கேட்டபோது விஷயம் தெரிந்தது. பொங்கியண்ணனுக்கு வெறும் வீக்கம்தான். நாச்சம்மாள் வந்த முதல் நாள் காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

இனி நாச்சம்மாள் வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மறுநாள் இரண்டு தூக்கோடு வந்தாள். ஒன்றில் கஞ்சி, இன்னொன்றில் ஜொஹராவுக்குச் சோறு.

பத்தாம் நாள் கட்டைத் தளர்த்தினார்கள். உமர் மெல்லத் தொண்டையைச் செருமினார். நல்ல வார்த்தை ஏதோ வரப்போகிறது என்று நாச்சம்மாள் தலைக்கேசத்தை ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்த மாட்டுக் கதைய நாலு நாளாக் கேட்டேன். வக்கோலு போட்டதச் சொன்னீக. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வச்சதா ஒரு நாளும் சொல்லலையே?"

நாச்சம்மாள் தூக்கை எடுத்து டப்பென்று மூடினாள். அன்றைக்குச் சீக்கிரமே பஸ் ஏறினாள்.

"வாயக் கட்டியே வச்சிருந்திருக்கலாம்" என்று பஸ்ஸில் வழியெல்லாம் முனகிக்கொண்டே போனாள். ஆனால் இறங்கியது சித்தூரில் இல்லை, கொழிஞ்சாம்பாறையில். பொங்கியண்ணன் வாசலில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு. நீ வரலையேம்மா?"

"வந்தேனுங்கண்ணா. நாலு நாள் ஊட்டியும் உட்டேன். நீங்கதான் அங்க இல்ல."

உள்ளே போய் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள், புண்ணாக்கு விஷயத்தைத் தவிர. அவர் புரையேறச் சிரித்தார். அண்ணி காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மறு வருஷம் நாச்சம்மாளின் மகள் கல்யாணத்துக்கு உமரும் ஜொஹராவும் கல்யாணச் சேலையோடு மலையிறங்கி வந்தார்கள். முன்வரிசையில் பொங்கியண்ணன் பக்கத்திலேயே இருவரையும் உட்காரவைத்தாள். எந்த வழியில் சொந்தம் என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரி வழியிலீங்க" என்று சொல்லிவிட்டு, உமருக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச்சொல்லிப் பந்திக்காரரைக் கூப்பிட்டாள் நாச்சம்மாள்.