சங்கையா கூப்பிட்ட சாயங்காலம்

இரண்டரை ஏக்கர் கரிசல் வைத்திருந்த மனுசனை நடு ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று கேட்டால் அருப்புக்கோட்டைப் பக்கம் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். சங்கையாவைக் கேட்டால் ஒரே பதில்தான். ரோடு.

நான்கு வழிச்சாலை போட்டபோது அது அவருடைய புஞ்சையை நட்டநடுவே பிளந்துகொண்டு போனது. ஒன்றரை ஏக்கர் அந்தப் பக்கம் விழுந்தது. எழுபது சென்ட் ரோட்டுக்கே போக, இந்தப் பக்கம் மிஞ்சியது வெறும் முப்பது சென்ட். அந்தப் பக்கத்து மல்லியும் உளுந்தும் பார்க்கப் போக வேண்டுமென்றால் ரோட்டோடு நடந்து, சுரங்கப்பாலத்தில் நுழைந்து, மறுபடி திரும்பி வர வேண்டும். போக வர ஐந்து மைல். யாரால் ஆகும்? ஒரு நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். நடுத்திட்டில் வளர்ந்திருந்த அரளியை ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டினார். வேலிக்கம்பி இரண்டை வளைத்துவிட்டார். ஏன் என்று ஒரு நாதியும் கேட்கவில்லை.

பிறகுதான் அந்த வேகப்பாதை வந்தது. நடுத்திட்டை ஒட்டி ஆளுக்கு முன்னே பறக்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு வழி. அதில் போக டோல்கேட்டில் கூடுதல் கட்டணம். அப்படி வசூலாவதில் மதுரைக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்காக ரோட்டுக் கம்பெனிக்காரர்கள் வேன் விட்டார்கள். வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வேனில் ஏறினால் மதுரை. நின்று நெரிந்து பஸ்ஸில் போவதைவிட அரைமணி மிச்சம். நல்ல திட்டம், குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். ஸ்டாண்டு போட இடம் தேடிய கம்பெனிக்காரர்கள் சங்கையாவின் முப்பது சென்டைப் பார்த்தார்கள். தகரக்கொட்டகை போட்டுக் கொடுத்து, ‘நீங்களே பாத்துக்கங்க’ என்றார்கள். ஏர் பிடித்த கை டோக்கன் கிழிக்கப் பழகிக்கொண்டது.

காலையில் ஒரு தொல்லையும் இல்லை. மதுரைக்குப் போகிற வேன் ஸ்டாண்டு வாசலிலேயே நிற்கும். சாயங்காலம்தான் வம்பு. திரும்பி வருகிற வேன் எதிர்ப்பக்க ரோட்டில் வரும். சட்டப்படி அது சுரங்கப்பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்து ஸ்டாண்டில்தான் இறக்கிவிட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு நிமிஷம் பிடிக்கும். பகலெல்லாம் நின்று கால் வீங்கி வருகிற ஜனம் பன்னிரண்டு நிமிஷத்துக்குப் பொறுக்குமா? ‘இங்கனயே எறக்கி விட்ருங்கண்ணே, சங்கையா வெட்டுன பாதையில தாண்டிக்கிறோம்’ என்று முதல் வாரமே ஆரம்பித்துவிட்டார்கள். டிரைவருக்கும் அது சௌகரியம். கம்பெனி மேற்பார்வையாளர் வெள்ளத்துரை ஒரு நாள் அதே வேனில் வந்து, அதே இடத்தில் இறங்கி, அதே சந்தில் நுழைந்து போனார். அப்புறம் யாரைக் கேட்பது?

சங்கையாவுக்கு மனசு கேட்கவில்லை. தான் வெட்டிய வழியில் அல்லவா பொம்பளைப் பிள்ளைகள் ஓடுகிறார்கள்! யாரும் சொல்லாமலே சாயங்காலம் ஆறரைக்குத் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடுத்திட்டில் போய் நிற்பார். ‘நில்லு’ என்றால் நிற்பார்கள். ‘வா’ என்றால் வருவார்கள். பேங்கில் வேலை பார்க்கிற கோகுல்கூட, வீட்டில் பெற்ற தகப்பனுக்கு அடங்காதவன், சங்கையா கைக்கு அடங்கி நிற்பான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடுகிறவரும் இல்லை. அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். தெற்கே சாலைக்குக் குறுக்கே ‘வேகப்பாதை ஆரம்பம்’ என்று ஒரு பெரிய போர்டு விளக்குப் போட்டு நிற்கும். வருகிற வண்டியின் வெளிச்சம் போர்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால், கையில் பையோடு ஒரு பொம்பளை நடந்தே தாண்டிவிடலாம். போர்டைத் தாண்டிவிட்டால் நில். வாரக்கணக்கில் நின்று பார்த்துக் கண்டுபிடித்தது. எட்டு மாதத்தில் ஒருத்தருக்கு ஒரு கீறல் இல்லை.

வேனில் வருகிறவர்களில் முருகலட்சுமி என்று ஒருத்தி. திருச்சுழி ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு ஊர். மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புருசன் ஜெயபாண்டி வானம் பார்த்த விவசாயம். மழை பெய்தால் சம்சாரி, பெய்யாவிட்டால் சும்மா. குடும்பம் அவள் சம்பளத்தில்தான் ஓடியது. ஏழாவது படிக்கிற மகள் காளீஸ்வரிக்கு மூச்சிழுப்பு உண்டு. அதனால் முருகலட்சுமிதான் எப்போதும் வேனில் வாசல் சீட்டு, எப்போதும் முதல் ஆளாக இறங்குவாள். ‘அவசரக்காரி’ என்று வேனில் கேலி பேசுவார்கள். ஆனால் நடுத்திட்டுக்கு வந்தால் நின்றுவிடுவாள். ‘சித்தப்பா, வரலாமா?’ என்று கேட்காமல் ஒரு நாளும் காலை எடுத்து வைத்தவள் இல்லை. இதைச் சங்கையா அறிவார். சங்கையா மட்டும்தான் அறிவார்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் கிரேன் வந்தது. வேகப்பாதையை இன்னும் கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கப் போகிறார்களாம். போர்டைப் பிடுங்கி வடக்கே, சந்துக்குக் கிட்டத்தில், இருநூறு முந்நூறு அடி தள்ளி நட்டார்கள். சங்கையா கொட்டகையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். வேலை செய்த ஆட்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். ‘நல்லா ஆழமா நடுங்கப்பா, ஆடிக்காத்துக்குச் சாஞ்சிறப் போகுது’ என்று யோசனைகூடச் சொன்னார். பாவி மனுசன், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தார்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. வழக்கம்போல முருகலட்சுமி முதலில் இறங்கி அந்தப் பக்கத்து ரோட்டைத் தாண்டி நடுத்திட்டுக்கு வந்துவிட்டாள். மற்றவர்கள் பின்னால், ஒரு லாரி போகட்டும் என்று அந்த ஓரத்திலேயே நின்றார்கள். அவள் காதில் போன். பேச்சை நிறுத்தாமலே சங்கையாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

சங்கையா தெற்கே பார்த்தார். வெளிச்சம் போர்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

‘வா தாயி, வா, வண்டி தூரத்துல கெடக்கு’ என்றார்.

அவள் இறங்கினாள். கார் வந்துவிட்டது. அவ்வளவுதான். அதைப் போய் விவரித்து என்ன ஆகப்போகிறது? ஒரு செருப்பு ஸ்டாண்டு வாசலில் வந்து கிடந்தது. கார் வெகுதூரம் போய்த்தான் நின்றது. சங்கையா துண்டைக் கையில் பிடித்தபடி, தள்ளி நட்ட போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ‘அடப்பாவி, அடப்பாவி’ என்று தலையில் அடித்துக்கொண்டார். பின்னால் ஓடிவந்தவர்கள் அவர் காரோட்டியைத் திட்டுகிறார் என்று நினைத்தார்கள்.

மறுநாள் காலையில் வெள்ளத்துரை ஒரு தாளோடு வந்தார். பதவிசான ஆள், சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

‘என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல சங்கையா. நீங்க நில்லுன்னீக, அந்தம்மா போன் பேசிக்கிட்டே கேக்காம எறங்கிருச்சு. அப்படித்தான் இருக்கும்? எல்லாரும் அதத்தான் சொல்றாக. நீங்களும் அதச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்ருங்க. இல்லைன்னா அரளிய வெட்டுனது யாரு, கம்பிய வளைச்சது யாருன்னு ஒவ்வொண்ணாக் கெளறுவாக.’

சங்கையாவின் மனைவி முத்துத்தாய் கொட்டகைக்குள்ளிருந்து வந்தாள். புருசனின் முகத்தைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ‘போடுங்க’ என்றாள். ‘போன உசுரு நீங்க உண்மையச் சொன்னா திரும்பியா வரப்போகுது? ஒங்களையும் உள்ள தூக்கி வச்சுட்டா நான் எந்தக் கெணத்துல விழ?’

சங்கையா போட்டார். கோணல்மாணலாக, ஆனாலும் அவருடைய கையெழுத்துத்தான். வெள்ளத்துரை தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘மனசப் போட்டு ஒழப்பிக்கிறாதீக’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தில் இரும்புத் தடுப்பு ஒன்றை வைத்தார்கள். ஒரு வாரம் வேன் சுற்றிக்கொண்டு வந்தது. எட்டாம் நாள் யாரோ தடுப்பை நகர்த்திவிட்டார்கள். பன்னிரண்டு நிமிஷம், இல்லையா? ‘நீங்க வந்து நில்லுங்க பெரியப்பா, பயமா இருக்கு’ என்று கூப்பிட்டார்கள். சங்கையா போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கொட்டகைக்குள்ளேயே கிடந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் ஜெயபாண்டி ஸ்டாண்டில் நின்ற முருகலட்சுமியின் ஸ்கூட்டியை எடுத்துப்போக வந்தான். மொட்டைத்தலை, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. சங்கையா அந்த வண்டியைத் தினமும் துடைத்து நிழலில் வைத்திருந்தார். சாவியை எடுத்துக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு நின்றான்.

‘மாமா, கடைசியா என்ன நடந்துச்சு? நீங்கதான பக்கத்துல நின்னீக.’

இரண்டு வாரமாக உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. முத்துத்தாய் உள்ளேயிருந்து செருமினாள்.

‘நான் நில்லுன்னுதான் சொன்னேன் மாப்ளே’ என்றார் சங்கையா. ‘அது கவனிக்கல.’

ஜெயபாண்டி சாவியை உள்ளங்கையில் புரட்டினான். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவன் குரலில் கோபமே இல்லை.

‘அவ எங்கிட்டதான் மாமா பேசிக்கிட்டு இருந்தா. பாப்பாவுக்கு மருந்து வாங்கிட்டேன், வந்துட்டேன்னா. அப்ப ஒங்க கொரலு கேட்டுச்சு. வா தாயி, வண்டி தூரத்துல கெடக்குன்னீக. அதுக்கப்புறந்தான் அந்தச் சத்தம்.’

ஜெயபாண்டி சாவியை வண்டியில் போட்டான்.

‘ஒங்க மேல கேஸு போட வரல. கண்ணு ஏமாத்தியிருக்கும், தெரியும். ஆனா ஊரு பூரா என்ன பேசுது தெரியுமா? அவசரக்காரி, போன்ல பேசிக்கிட்டே போயிச் செத்தான்னு. பள்ளிக்கூடத்துல எம்மககிட்டயே ஒருத்தி கேட்டிருக்கா, ஒங்கம்மாவுக்கு என்ன அவ்வளவு அவசரம்னு. அவ என்னையக் கேக்குறா, எனக்கு மருந்து வாங்கிட்டு வரத்தான ஓடுச்சு, என்னாலதான செத்துச்சுன்னு. நான் சொன்னா புருசன் பூசி மொழுகுறான்னு நெனைப்பாக. நீங்க சொன்னா நம்புவாக மாமா. ஒரு வார்த்தை. ஒங்க வாயால வரும்னுதான் நின்னு கேட்டேன்.’

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் சங்கையா துண்டை எடுத்தார். ‘எங்க போறீக?’ என்று முத்துத்தாய் மறித்தாள். ‘வழிய விடு’ என்றார். கட்டின நாளிலிருந்து அப்படி ஒரு குரலை அவரிடம் அவள் கேட்டதில்லை, விலகிக்கொண்டாள். சுற்றுவட்டாரத்துப் பத்து ஊர் ஜனமும் அந்த வேனில்தான் வருகிறது. இவர்கள் வாயால் பரவிய பேச்சு இவர்கள் வாயால்தான் அழிய வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

வேன் நின்றது. இருபது பேருக்கு மேல் நடுத்திட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவரைக் கண்டதும் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி.

‘எல்லாரும் கேளுங்க’ என்றார் சங்கையா. ‘முருகலட்சுமி தானா எறங்கல. எங்கிட்டக் கேட்டுச்சு. நாந்தான் வான்னேன். போர்ட மாத்துனத மறந்துட்டு நாந்தான் கூப்பிட்டுக் கொன்னேன். அந்தப் பிள்ளை மேல ஒரு குத்தமும் கெடையாது. அதோட மக காதுல படுற மாதிரி ஒங்க ஊர்ல போயிச் சொல்லுங்க.’

கோகுல் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். துணிக்கடையில் வேலை பார்க்கும் பிருந்தா பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

‘ஒங்க நல்ல மனசு யாருக்கு வரும் பெரியப்பா! செத்தவளுக்காக அவ பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிறீகளே. நீங்களாவது, கூப்பிட்டுக் கொல்றதாவது! அவ அவசரக்காரி, அது எங்களுக்குத் தெரியாதா?’

‘இல்ல தாயி, நெசமாவே நான்...’

‘சரிங்க பெரியப்பா, சரி. மனசத் தேத்திக்கங்க’ என்றாள் பிருந்தா, பச்சைப்பிள்ளையிடம் பேசுவதுபோல. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டின் விளிம்புக்கு வந்தாள். மற்றவர்களும் வந்து அவள் பின்னால் நின்றார்கள்.

‘நேரமாகுது. வண்டி வருதா பாருங்க. வரலாமா?’