தண்ணீர் கேட்டவனுக்குத் திறந்த கதவு

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சூசைமேரி யாரையும் அடித்து உண்மையை வாங்கியவர் அல்ல. விழுப்புரத்தில் நடந்த அடக்கத்தில் பலர் அவர் அடித்தே வாங்கியவர் என்று சொல்லிப் புகழ்ந்தார்கள். சுவரொட்டியிலும் அப்படியே அச்சிட்டிருந்தார்கள். திண்டிவனத்தில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி நான். "அத்தை போயிட்டாங்க பெரியம்மா" என்று அவர் மருமகள் காலையில் போன் செய்தபோது, "பக்கத்தில் யார் இருந்தது?" என்றுதான் முதலில் கேட்டேன். "நான்தான் இருந்தேன்" என்றாள். அந்த மட்டில் ஆறுதல்.

எங்கள் பக்கத்தில் தனியாக இருந்த பெண்களை வரிசையாகக் கொன்றவனை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிடிபட்ட பிறகு, எவ்வளவு மிரட்டியும் அவன் வாய் திறக்கவில்லை. சூசைமேரி எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஏன் கொன்றாய் என்று கேட்கவில்லை. "நீ போனப்போ அந்தம்மா என்னா பண்ணிக்கினு இருந்தாங்க?" என்றார். அதற்கு அவன் சொன்னான்: "மல்லாட்டை வறுத்துக்கினு இருந்தாங்க. தண்ணி கேட்டேன். இருப்பா, அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்னாங்க." பாதி வறுத்த அந்த வேர்க்கடலை வாணலியில் கிடந்தது போலீசுக்கு மட்டுமே தெரியும். எல்லா வீட்டிலும் அவன் தண்ணீர்தான் கேட்டிருந்தான்.

டிவியில் போலீஸ் விசாரணை வந்தால் சூசைமேரிக்குச் சிரிப்பு வரும். "இன்னா கத்து கத்தறான் பாருங்கக்கா! குத்தவாளி காதப் பொத்துவானா, வாயத் தொறப்பானா?" என்பார்.

போன வருடம், அந்த வழக்கைப் படமாக்கும் இளம் இயக்குநர் ஒருவர் சூசைமேரி வீட்டுக்கு வந்தார்; நானும் அங்கே இருந்தேன். வெயிலில் வந்தவர் பெயரைச் சொல்லுமுன் தண்ணீர் கேட்டார். படம் முழுக்க ஓர் அறையில் இருவர் பேசுவதுதான் என்று சொல்லி, வசனத்தைப் படித்துக் காட்டினார். நன்றாகவே எழுதியிருந்தார், ஒரு வரி வரும்வரை. மல்லாட்டை வறுத்த அந்தப் பெண்ணைப் பற்றிக் கொலைகாரன், "அவதான் என்னை உள்ள கூப்பிட்டா" என்கிறான்.

"அவன் அப்பிடிச் சொல்லலியே சார்" என்றார் சூசைமேரி.

"தெரியாதவனுக்கு ஏன் கதவத் தொறந்தாங்கன்னு ஆடியன்ஸ் கேப்பாங்க மேடம்."

"தண்ணி கேட்டான், தொறந்தாங்க."

"நம்ப மாட்டாங்க மேடம்."

"நீங்க யாருன்னு கேட்டா உங்களுக்குச் சொம்பக் குடுத்தேன்?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். நான் சிரித்துவிட்டேன். சூசைமேரி சிரிக்கவில்லை. "அந்தம்மா பொண்ணு ஒலக்கூர்ல இருக்குது சார். அதுக்கே பேரப்புள்ளைங்க இருக்குது. ஊரே படம் பாத்துட்டு வந்தா, அது மூஞ்ச எங்க வச்சிக்கும்?"

வரியை எடுத்துவிடுவதாக இயக்குநர் சொன்னார். "எழுதி அனுப்புங்க" என்றார் இவர்.

"ஸ்டேட்மென்ட் மாதிரியா மேடம்?"

"ஆமா, கையெழுத்தோட."

பிறகு சூசைமேரி உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனபோதெல்லாம், நான் உட்காருமுன் அவர் கேட்டது ஒன்றுதான்: "லெட்டர் வந்துச்சாக்கா?" வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னேன். அவரிடம் வேறெதுவும் செல்லாது.

"செத்தவங்களப் பத்திப் பேசறப்போ, அவங்க புள்ளைங்க எதிர்ல உக்காந்துக்கினு இருக்கறதா நெனச்சிப் பேசணும்" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். இதையும் அப்படி நினைத்தே எழுதினேன்.

இயக்குநர் அவர்களே, படம் விரைவில் வெளிவருவதாகச் சொல்கிறார்கள். அந்த வரி இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா? அவருக்கு வர வேண்டிய கடிதத்தை என் பெயருக்கு அனுப்புங்கள். ஒலக்கூருக்கு நானே கொண்டுபோய் அந்தம்மாவின் மகள் கையில் கொடுக்கிறேன். போனில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.