காளியன் வீட்டுக் கிளி

மன்னார்குடியில் அண்ணன் மகள் வாங்கிவந்த கிளிக்குஞ்சு, புது வீட்டில் மிரண்டு கத்தியது. பழைய சேலையால் கூண்டை மூடினேன். சிறுமியாக இருந்தபோதும் இப்படித்தான் ஒரு கூண்டை மூடினேன்.

எங்கள் பண்ணையாள் காளியன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்ததும், அப்பா ஆள் விட்டு அவன் குடிசையைப் பிரித்துப்போட்டார். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போன பின், அங்கே கிளியோடு கிடந்த கூண்டை எனக்கென்று எடுத்துவந்தார். கிளி இரையே எடுக்கவில்லை. ஊறவைத்த பயறை உள்ளங்கையில் வைத்து நீட்டி நீட்டித்தான் பழக்கினேன்.

முதலாளிகளை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதைப் பண்ணையாட்கள் நிறுத்தியிருந்த காலம் அது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கிளியாவது சொல்லட்டும் என்று தினமும் கூண்டின் முன் நின்று, “ஆண்டே சொல்லு, ஆண்டே” என்பார்.

பங்காளிகள் வந்திருந்த ஒரு காலையில் கிளி வாய் திறந்தது. அப்படியே காளியன் பெண்டாட்டி தன் மகளிடம் பேசும் குரல்.

“இனிமே ஆண்டேன்னு கூப்பிடாத புள்ள.”

அப்பா நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவினார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கூண்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மாட்டுக்கொட்டகை ஓரம் பச்சை இறகுகள் கிடந்தன.

“இதுக்கு என்ன அத்தை சொல்லிக் குடுக்கலாம்?” என்று கேட்டாள் அண்ணன் மகள்.

“ஒன்னும் சொல்லிக் குடுக்காத. பேசாம இருந்தா பொழச்சுக்கும்.”