ஆத்மநாதனின் மூடிக் கணக்கு

மருந்து பாட்டிலின் மூடியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "தெளிக்கிற டேங்குக்கு இதுல ரெண்டு. போயிட்டு வாங்க" என்கிறார் ஆத்மநாதன். ஆலங்குடியில் இருபது வருடமாகப் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். அளவு சொல்ல இதற்கு மேல் அவர் வாயைத் திறந்ததில்லை.

சட்டைப் பையில் இரண்டு பேனா, மேசையில் பெரிய கால்குலேட்டர். லேபிளில் எழுத்துப் பொடிசாக இருக்கிறதாம்; படிக்க மாட்டார். யாராவது எத்தனை மில்லி என்று கேட்டுவிட்டால் முகம் கோணிவிடும். "ஒரு மூடி பத்து மில்லி. கம்பெனிக்காரனே எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போறான்" என்பார். எந்தக் கம்பெனிக்காரன் என்று நான் கேட்டதில்லை. சிரித்துவிடுவேனோ என்ற பயம்தான்.

கால் லிட்டர் பாட்டிலின் மூடி பத்து மில்லி பிடிக்கும், அது உண்மை. ஒரு லிட்டர் பாட்டிலின் மூடி இருபத்தைந்து பிடிக்கும். மூடி பெரிதானால் கணக்கும் மாறும் என்பது இந்த மேதைக்கு இன்றுவரை தோன்றவில்லை.

போன வாரம் நான் உரம் வாங்க நின்றபோது பொன்னுத்தாய் வந்தாள். அவளுக்கு இருப்பது ஒரே ஏக்கர் கடலைக் கொல்லை; அடுத்த விதைப்புக்கான விதைக்கடலையும் அதிலிருந்துதான் வர வேண்டும். தீய்ந்துபோன செடிகளை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, ஏக்கருக்கு நானூறு மில்லின்னு பாட்டில்ல போட்டிருக்காம். எம்மக இப்பத்தான் படிச்சுச் சொல்றா. இருவது டேங்கு அடிச்சேன். நீங்க சொன்னபடி டேங்குக்கு ரெண்டு மூடிதான் ஊத்துனேன். ஒரு லிட்டர் களைமருந்தும் காலியாப்போச்சே, எப்புடிண்ணே?"

டேங்குக்கு இருபது மில்லி போக வேண்டிய இடத்தில் ஐம்பது போயிருக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆத்மநாதன் கால்குலேட்டரைத் தட்டினார், வந்த விடையைப் பார்த்தார், அழித்தார்.

"வெயிலு தாயி. இங்கிட்டு மழையே இல்ல. செடி தீயாம என்ன செய்யும்?"

"கொல்லையில பச்சைன்னு ஒண்ணு இல்லண்ணே" என்றாள் அவள், மெதுவாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த மூடி எவ்வளவு பிடிக்கும்னு ஒரு நாளாவது அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அளக்குறதா? கண்ணால பாத்தாலே தெரியும்ங்க" என்றவருக்கு இருமல் வந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த இருமல் மருந்தையும் கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் கப்பையும் எடுத்தார். ஊற்றினார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பத்து மில்லிக் கோட்டைத் தாண்டியிருந்த இரண்டு சொட்டை, சிந்தாமல், மறுபடி பாட்டிலுக்குள்ளேயே ஊற்றினார்.