பெரியப்பா தாண்டாத பாலம்

எங்கள் வீட்டிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் ஐந்து நிமிஷம். பெரியப்பா மட்டும் சாகிற வரைக்கும், குண்டுச் சில்லு பட்ட காலை இழுத்து இழுத்து, ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போனார். அந்தப் பாலத்தில் அவர் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. தன் பெயர் வைத்த பாலத்தில், திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரு மனுஷன் கால் வைக்காமலே போய்ச் சேர்ந்தார் என்றால் அதற்கு முதல் காரணம் எங்கள் அப்பா. அடுத்தது நான்.

பெரியப்பா பட்டாளத்துக்காரர். கார்கில் சண்டையில் அடிபட்டு ஊர் திரும்பி, கல்யாணம் கட்டாமல் எங்களோடேயே இருந்தார். அவருடைய மெடலை அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். பெரியப்பா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். குடும்ப ஜெபத்தின்போதுகூட எதிர்ச் சுவரைப் பார்த்துத்தான் முட்டி போடுவார். அண்ணனுக்குக் கூச்சம் என்று அப்பா சொல்வார். அண்ணன் எது செய்தாலும் அப்பாவுக்கு அது கூச்சம்தான்.

வாய்க்காலின் பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது எனக்கு ஒன்பது வயது. பட்டாளத்தில் இருந்தவர் ஒருவர் பெயரை அதற்கு வைக்கலாம், மனு எழுதிக் கொடுங்கள் என்று வார்டு கவுன்சிலர் அப்பாவிடம் சொன்னார். அப்பா ஆபீஸ் குமாஸ்தா. மனு எழுதுவது அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஒரே மூச்சில் எழுதி, பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா பேனாவை வாங்கித் தன் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதினார். அவரோடு மலைமேல் இருந்து செத்துப்போன தொட்டியத்துக்காரர் ஒருவரின் பெயர்.

"அன்னிக்கு நான் போக வேண்டிய காவல்டா. காய்ச்சல்னு படுத்துட்டேன். எனக்குப் பதிலா அவன் போனான்" என்றார். சண்டையைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது அவ்வளவுதான்.

அப்பா தலையாட்டிவிட்டு மனுவைக் கவுன்சிலரிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். கவுன்சிலர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தொட்டியத்து ஆளு பேரை நம்ம வார்டுல எப்படிங்க வைக்கிறது? எல்லாரும் கேள்வி கேப்பாங்க. உங்க அண்ணன் பேருன்னா சொல்லுங்க, நாளைக்கே தீர்மானம் போட்டுடலாம்."

அப்பா யோசிக்கவே இல்லை. அங்கேயே ஒரு தாள் வாங்கிப் பெரியப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பும் வழியில் எனக்கு ரோஸ்மில்க் கிடைத்தது.

"பெரியப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது, என்ன? விழா அன்னிக்குப் பார்த்து அப்படியே அசந்து போயிடணும் அவரு" என்றார். அண்ணன்மேல் அவ்வளவு ஆசை அவருக்கு. அதை நான் எங்கே போய்ச் சொல்ல?

எனக்கு ஓட்டை வாய் என்று தெருவுக்கே தெரியும். கிறிஸ்துமஸுக்கு யாருக்கு என்ன துணி என்பதை அக்டோபரிலேயே சொல்லித் தொலைத்தவள். அப்படிப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் கட்டிக் காத்தேன். அந்த வாரக் கடைசியில் பெரியப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறித் தொட்டியம் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அவங்கம்மாகிட்ட சொல்லிட்டேன் பாப்பா. அவன் பேரு கல்லுல வரப்போகுதுன்னு. விழாவுக்கு வரேன்னுட்டாங்க" என்று என்னிடம்தான் முதலில் சொன்னார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உளறியிருக்கக் கூடாதா? பாவி, வாயை இறுக மூடிக்கொண்டேன். வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று பெருமை வேறு.

விழா அன்று காலையிலேயே பெரியப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அந்த அம்மாவை ஆட்டோவில் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். வெயிலில் கறுத்து மெலிந்த அம்மா. மடியில் மஞ்சள் பை, அதில் செவ்வந்திச் சரமும் கற்பூரமும் குங்குமமும். மகன் பெயருக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

கவுன்சிலர் திரைத் துணியை இழுத்தார். பெரியப்பா எழுந்து கல்லைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?"

அப்பா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடியே சிரித்தார். அதற்குள் நாலு பேர் பெரியப்பாவைத் தூக்காத குறையாக மேடைக்குக் கொண்டுபோனார்கள். மாலைக்கு மேல் மாலை. மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மாவீரர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று கவுன்சிலர் அறிவித்தார். கடைசி வரை மாவீரர், மண்ணின் மைந்தர் என்றே பேசினாரே தவிரப் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்மாவும் தட்டினார்.

கூட்டம் மேடைப் பக்கம் நெருக்கியபோது அந்த அம்மா மெல்ல எழுந்து கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். குங்குமம் தொட்ட விரலை நீட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. இதுல எம்மவன் பேரு எந்த எடத்துல இருக்கு? காட்டும்மா, பொட்டு வைக்கிறேன்."

கட்டிக் காத்த ரகசியத்தை இனிச் சொல்லலாம் என்ற குஷியில் அவர் கேட்டது என் காதில் ஏறவே இல்லை. "நான் படிக்கிறேன், கேளுங்க" என்று மேலேயிருந்து கீழே வரைக்கும் படித்தேன். பதவி, முன்னெழுத்து எல்லாவற்றோடும் பெரியப்பா பெயரை நிறுத்திச் சொன்னேன். "எங்க பெரியப்பாதாங்க!" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் விரல் அந்தரத்திலேயே நின்றது.

"இன்னொரு தடவை படி தாயி."

படித்தேன்.

"எல்லாத்தையும் படிச்சிட்டியா? ஒண்ணும் விட்டுடலியே? இன்னொரு தடவை படியேன்."

பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் தடவை, மேடையில் இருக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்துக் கேட்கட்டும் என்று, தொண்டை கிழியக் கத்திப் படித்தேன்.